ஒலிபெருக்கியில் தொகை

எங்கள் ஹாபாய் தீவில் ஆண்டுக்கொரு ஞாயிறு
ஆலயத்தில் காணிக்கையை உரக்க வாசிப்பார்கள்.
முதலில் குடும்பத்தின் பெயர்,
அப்புறம் தொகை,
அப்புறம் ஒரு நொடி அமைதி.
அந்த ஒரு நொடியில்தான்
ஒன்பது வருடம் குடியிருந்தேன்.

கலோலைனே வீட்டுத் தொகை எனக்கு மனப்பாடம்.
அவள் மகன் பௌலியாசி ஆக்லாந்தில் சாரம் கட்டுகிறான்,
மாதம் தவறாமல் பணம் வரும்.
எனக்கு வருவது மானாசே பிடிக்கும் ஆக்டோபஸ்,
கொஞ்சம் வனிலா.
விலை விழுந்த வருடம் அதுவும் இல்லை.
ஒருமுறை அவளை முந்துவதற்காக
இடுப்பில் கட்டும் பாயை விற்றேன், என் கல்யாணப் பாய்.
எண்பது பாங்காவில் தோற்றேன்.
அன்று ராத்திரி முழங்காலில் நின்று
கர்த்தாவே என்று ஆரம்பித்தேன்;
வாயில் வந்தது அவள் பெயர்.

யோசித்தால் என் ஜெபமெல்லாம் அப்படித்தான்.
உமக்கு எழுதிப்
பக்கத்து வீட்டில் போட்ட கடிதங்கள்.

இந்த வருடம்
ஃபிலிமோனே ஒலிபெருக்கியைத் தட்டிக் கனைத்ததும்
மழை பிடித்துக்கொண்டது,
தகரக் கூரையில் சரளை கொட்டுவது போல.
அவர் வாய் அசைகிறது.
பெயர் இல்லை. தொகை இல்லை.
கழுத்தை நீட்டி, காதில் கையைக் குவித்து,
அவள் முறை போய்விடுமோ என்று பதறி
எட்டிப் பார்த்தால்
எதிர் பெஞ்சில் கலோலைனே,
கழுத்தை நீட்டி, காதில் கையைக் குவித்து.

கண்ணும் கண்ணும் இடித்துக்கொண்டன.
யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை.
அவளுக்கு இருமலாய் வந்தது, எனக்குக் கண்ணீராய்.

"அந்தப் பாயை நீ விற்றது தெரியும்" என்றாள் வாசலில்.
"அந்த வருடம்தான் நான் கடன் வாங்கினேன்."
பௌலியாசி பேசி எட்டு மாதம் என்பதையும்
அப்போதுதான் சொன்னாள்.
பணம் வருகிறது.
குரல் வருவதில்லை.

நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன்.
அவள் கூரை நீர் அவள் தொட்டிக்கு,
என் கூரை நீர் என் தொட்டிக்கு
இறங்குகிற சத்தம்.
மேலே இருந்து யாரும் அளவு வாசிக்கவில்லை.

குணமாகிவிட்டேன் என்று சொல்லமாட்டேன், ஆண்டவரே.
இன்று காலையும் அவள் கொடியில் காய்ந்த
புதுப் போர்வைகளை எண்ணினேன்.
மூன்று.
எண்ணி முடித்ததும் சிரிப்பு வந்தது.
அது புதுசு.

இதோ, வேலியைத் தாண்டுகிறேன்,
போன் வந்ததா என்று கேட்க.
மீதி ஜெபத்தை
வந்து சொல்கிறேன்.