வெள்ளைத் திரவம்

ஏரிக்கரைப் பள்ளியில் இரவு பதினொன்றரை.
சூரிய விளக்குகள் மூன்றும் களைத்துவிட்டன.
கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு அழியாமல் இருந்தது.
அதற்குக் கீழே உட்கார்ந்துதான்
நான் மலாவியை எண்ணினேன்,
என் பங்குக்கு வந்த அறுநூற்றுப் பதினான்கு சீட்டை.

எனக்குப் பிடித்தவருக்கு முந்நூற்று எண்பத்தொன்று.
(பிடித்தவர் என்று அப்போது சொல்லக் கூடாது.
நான் வாக்குச்சாவடித் தலைவி.)
பிடிக்காதவருக்கு இருநூற்று இருபத்தெட்டு.
செல்லாதவை ஐந்து.
கூட்டினேன். நூறு பேரைக் காணோம்.

விடியலில் வந்து வரிசை பிடித்தவர்கள்,
கருவாட்டுக் கூடையை வாசலில் இறக்கி வைத்தவர்கள்,
மைவிரலைக் காற்றில் ஆட்டியபடி போனவர்கள்,
நூறு பேர்
என் பேனாவில் தடுக்கி விழுந்து கிடந்தார்கள்.
இரண்டு என்று எழுத வேண்டிய இடத்தில்
தூங்கும் கை ஒன்று என்று எழுதியிருந்தது.

இழுப்பறையில் வெள்ளைத் திரவம் இருந்தது,
மதிப்பெண் பதிவேட்டுக்காக வாங்கியது.
ஒரு சொட்டு.
ஊதி உலர்த்தினேன்.
பிடிக்காதவருக்கு அவருடைய நூறைத் திருப்பிக் கொடுத்தேன்.
அன்றைக்கு நான் செய்ததிலேயே
நேர்மையான காரியம் அதுதான்.

கொண்டோவே, மீன் வியாபாரி, எதிர்த்தரப்பு முகவர்,
மக்காச்சோள மூட்டையில் சாய்ந்து குறட்டை விட்டார்.
எழுப்பினேன். கையெழுத்திட்டார்.

பிடிக்காதவர் பதவியேற்றார்.
இருபத்தொரு குண்டு முழங்கியதாக வானொலி சொன்னது.
உரக் கூப்பன் வந்தது. செவிலிக்குச் சம்பளமும் வந்தது.
குறை என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாது.
ஆனால் சோதனைச் சாவடியில் போலீஸ் கை காட்டினால்
மினிபஸ்காரன் நிறுத்துவதற்கு முன்
ஒரு கணம் யோசித்தான்.
அந்த ஒரு கணத்தில்தான் அரசு ஓட்டையாகிக்கொண்டிருந்தது.

மாவட்டம் மாவட்டமாக வெள்ளை பூசிய தாள்கள்.
எது களவு, எது என்னைப்போல் தூக்கக் கலக்கம்?
வெள்ளைக்கு எல்லாம் ஒரே நிறம்.

நீதிமன்றத்தில் வழக்கறிஞர் தாளை உயர்த்தினார்.
"இதன் அடியில் என்ன இருந்தது, ஆசிரியை வெஸி?"
ஒன்று, என்றேன்.
"அது இரண்டானதற்குச் சாட்சி?"
கொண்டோவேயைப் பார்த்தேன்.
அவர் தரையைப் பார்த்தார்.

வெளியே, ஜக்கரந்தா பூ மிதிபட்டு வழுக்கும் படியில்
அவரே வந்து பேசினார்:
"நீ பொய் சொல்கிறாய் என்று நான் சொல்லவில்லை, அம்மா.
தோற்றவன் நான்.
தோற்றேன் என்று வீட்டில் போய்ச் சொல்ல
எனக்கு ஒரு தாள் வேண்டும்.
நீ எனக்குக் கொடுத்தது சுவர்."

தேர்தல் செல்லாது என்றார்கள்.
மறுபடி அதே வகுப்பறை.
இம்முறை கொண்டோவே
சொந்த விளக்கும் ஃபிளாஸ்க் நிறையத் தேநீரும் கொண்டுவந்தார்.
மறுபடி தப்பு செய்தேன், சிரிக்காதீர்கள்,
ஒன்பதை ஆறாக்கினேன்.
பேனாவால் குறுக்கே ஒரு கோடு, ஒரே கோடு.
ஆறு தன் அவமானத்தோடு அங்கேயே நின்றது.
பக்கத்தில் ஒன்பது. என் கையெழுத்து.
அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு,
ஆறைப் படித்து, ஒன்பதைப் படித்து,
தன் பெயரையும் நெருக்கி எழுதினார்.

எனக்குப் பிடித்தவர் வென்றார்.
இரண்டு மழைக்காலம் போயிற்று.
பள்ளிக் கைப்பம்பு இன்னும் பழுது,
பிள்ளைகள் ஏரித் தண்ணீரைக் குடித்து வயிற்றுப்போக்கில் கிடக்கிறார்கள்.
நேர்மையாக எண்ணினால் நல்ல அரசு வரும் என்று
எந்த வாய்ப்பாட்டிலும் இல்லை.

நேற்று மீன் சந்தையில் கொண்டோவே கத்திக்கொண்டிருந்தார்.
ஈக்கள் எழுந்து எழுந்து உட்கார்ந்தன.
"திருட்டுப் பயல்கள்! நம்ம ஆட்கள்தான், ஆனாலும்
திருட்டுப் பயல்கள்!"
அந்த "நம்ம"வை
போன அரசுக்கு ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.

எடை போடும்போது
எனக்கு இரண்டு மீன் கூடுதலாக விழுந்தது.
கணக்கு தப்பு, என்றேன்.
கோடு போட்டுக்கொள், என்றார்.