எடைக்கல்

பர்மா பஜாரில் நானூறு சொன்னான்
இருநூற்று எண்பதுக்கு முடித்தேன்.
கறுப்புப் பட்டை இரண்டு, உள்ளே இரும்புத் தூள்.
பிரித்தால்
காய்ந்த மீன்தோலை உரிக்கிற சத்தம்.
ஒவ்வொன்றின் மேலும் வெள்ளை எழுத்தில்
ஒரு கிலோ.

ஸ்டான்லியில் டாக்டரம்மா
சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார்.
நடக்கிறீங்களா என்றார்.
எம்.சி. ரோட்டில் பத்து மணிநேரம்
புடவை விரிக்கிறேன், மடிக்கிறேன், விரிக்கிறேன்.
கடைக்கும் மேல்மாடிக் கிடங்குக்கும் எத்தனை நடை என்று
எந்த ரசீதிலும் இல்லை.
இதற்குமேல் நடக்க ஒரு நாளில் இடம் எங்கே?
புதிதாய் ஒரு நடையைத் தேடவில்லை நான்.
இருக்கிற நடையைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டேன்.

விடிகாலை நாலே முக்கால்.
கொருக்குப்பேட்டை கேட்டில் ரயில் கத்தும்போது
எங்கள் பிளாக்குக்குத் தண்ணீர் லாரி வரும்.
நைட்டிக்குள் பட்டையை இறுக்கிக்கொண்டு
மூன்று மாடி, ஆறு குடம்.
முதல் நாள் இரண்டாம் மாடி வளைவில்
என் கால் என்னுடையதாக இல்லை.
காசிமேட்டில் அலை திரும்பும்போது
மணல் குதிகாலைப் பிடித்து உள்ளே இழுக்குமே
அப்படி இழுத்தது சிமெண்ட் படி.

"இன்னாக்கா, கால்ல பாம் கட்டிகினு போற?"
எதிர்வீட்டு மெஹருன்னிசா.
பிலவேந்திரன் சிரித்தான், ஹார்பரில் இருந்து வந்தவன்,
சட்டையெல்லாம் துருவாக.
"நான் தூக்குனா கூலி குடுக்குறான்.
நீ காசு குடுத்து தூக்குற."
சரிதான். எனக்குப் பதில் வரவில்லை.
இரண்டு நாள் கழித்து, வெங்காயம் நறுக்கும்போது வந்தது.
"நீ தூக்குறது கப்பல்காரனுது. இது என்னுது."
என்ன பேச்சு இது என்று அவனுக்கு ஞாபகமே இல்லை.

நாலாம் வாரம்
கண்ணாடிமுன் குதிகாலைத் தூக்கிப் பார்த்தேன்.
கெண்டைக்கால் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.
உள்ளே உண்மையாகவே ஒன்று
சரக்கென்று திரும்பிற்று.

அப்புறம்தான் ரேஷன் கடை.
இருபது கிலோ அரிசி
வீட்டுக்கு வருவதற்குள் எப்போதும் மெலிந்துவிடும்.
கேட்டேன்.
"மெஷின் பொய் சொல்லாதும்மா."
குனிந்தேன். பட்டையைப் பிரித்தேன்.
அந்தச் சத்தத்துக்கு வரிசையே திரும்பியது.
தட்டில் வைத்தேன்.
சிவப்பு எண்கள் ஓடி நின்றன:
ஒன்று, புள்ளி, ஒன்று நான்கு பூஜ்ஜியம்.

பாமாயிலுக்கு நின்றவர்கள், சீனிக்கு நின்றவர்கள்,
சும்மா நின்றவர்கள் எல்லோரும் கத்தினார்கள்.
எடை போடுகிறவர் மட்டும் நிதானமாக,
"இது பர்மா பஜார் சரக்கு.
இதப் போயி நம்புறீங்க?"

அந்தச் சந்தேகம் என்மேல் ஏறிக்கொண்டது.
நான் இத்தனை நாள் சுமந்தது எவ்வளவு?
மீன்காரம்மா தராசில் ஆயிரத்து அறுபது.
பழைய பேப்பர் கடையில் முள்
தொள்ளாயிரத்தில் படுத்துக்கொண்டது.
நகைக்கடையில் உள்ளேயே விடவில்லை.
தண்டையார்பேட்டைக்குள்ளேயே
ஒரு கிலோ எத்தனை விதம்.
போகட்டும் என்று மறுபடி கட்டிக்கொண்டேன்.
படிக்கு எவ்வளவு என்று முழங்காலுக்குத் தெரியும்.

இரவு கழற்றி வைத்துவிட்டு
குப்பைக்கூடையோடு மாடியேறித் திரும்பும்போது
கால் தன்பாட்டில் உயர்ந்தது
இல்லாத ஒரு படியை மிதித்துவிட்டேன்.
விழவில்லை. இருட்டில் தனியாகச் சிரித்தேன்.

அடுத்த மாதம் அதே வரிசை.
அரிசி விழுந்துகொண்டிருந்தது.
கொசு கடித்ததென்று
புடவைக் கரையை லேசாகத் தூக்கினேன்.
எடை போடுகிறவர் பார்த்தார்.
இன்னும் ஒரு முறம் அள்ளிப் போட்டார்,
பிறகு இன்னும் ஒரு கை.

அன்று துவைத்துக் கொடியில் காயப்போட்டிருந்தேன்
இரண்டு பட்டைகளையும்.