சக்கரம் எங்கே

என் முதல் குழு அது.
ஸுக்திதிப் பள்ளியிலிருந்து இருபத்து மூன்று பிள்ளைகள்,
மலைப்பாதையில் இரண்டு வாந்தி,
சாலையில் படுத்து எழ மறுத்த மாடுகளால்
முக்கால் மணி தாமதம்.
மே மாதம். மேலே பனி உருகி
எங்குரி ஆறு
சாம்பல் கரைத்த பாலாய் வந்துகொண்டிருந்தது.

அணையின் உச்சியில் நிறுத்தி
மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன்.
உயரம் இருநூற்று எழுபத்தொன்றரை மீட்டர்.
தொண்ணூறு மாடி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.
யாரும் நினைத்துக்கொள்ளவில்லை.
ஜாபா என்ற பையன்
கைப்பிடிக் கம்பி வழியே எச்சில் துப்பி
ஒன்று, இரண்டு என்று எண்ணினான்.
ஐந்துக்குப் பிறகு கண்ணுக்குத் தெரியவில்லையாம்.

ஆசிரியை நாஸி அவன் காதைப் பிடிக்குமுன்
நான் அந்த எச்சிலைப் பிடித்துக்கொண்டேன்.
கீழே போகப் போக அதற்கு வேகம் கூடியதே,
எங்கிருந்து வந்தது அந்த வேகம்?
"என் வாயிலிருந்து."
இல்லை. நீ நிற்கும் இடத்திலிருந்து.
அவன் தன் செருப்பைக் குனிந்து பார்த்தான்.

பையிலிருந்து என் சக்கரத்தை எடுத்தேன்.
ஒயின் புட்டியின் தக்கை,
தயிர் டப்பாவை வெட்டிச் செய்த எட்டு இதழ்கள்,
குத்தூசி அச்சு, முனையில் ஒரு காந்தம்,
சுற்றிலும் செம்புக் கம்பி, ஒரு கடுகு விளக்கு.
முந்தைய இரவு சமையலறையில் எரிந்தது.
இங்கே தண்ணீரை ஊற்றினேன்.
சுற்றியது. எரியவில்லை.
மறுபடி ஊற்றினேன்.
இருபத்து மூன்று பேரும் நாகரிகமாகச் சிரித்தார்கள்,
அதுதான் வலித்தது.

இன்னும் மேலேயிருந்து ஊற்றுங்கள் என்றாள்
அதுவரை வாய் திறக்காத ஒரு சிறுமி, மாக்வாலா.
பெஞ்சின் மேல் ஏறினேன்.
போதாது.
ஓட்டுநர் டெமூர் சிகரெட்டை அணைத்துவிட்டு
அவளைத் தோளில் தூக்கிக்கொண்டார்.
அவள் கையில் புட்டி, என் கையில் சக்கரம்,
என் சட்டை முழுக்கத் தண்ணீர்.
விளக்கு
இமைத்தது.
அதே தண்ணீர்தான் என்று ஒருத்தி கத்தினாள்.
அதே தண்ணீர்தான்.

அப்போதுதான் ஜாபா கேட்டான்:
"சரி, பெரிய சக்கரத்தைக் காட்டுங்கள்."

அச்சிட்ட தாளில் அதற்குப் பதில் இல்லை.
நான் பிறப்பதற்குமுன் நடந்த போர்
செய்த பாகப்பிரிவினையில்
சுவர் எங்கள் பங்கு,
சக்கரங்கள் அவர்கள் பங்கு.
பதினைந்து கிலோமீட்டர் சுரங்கத்தில்
மலையின் வயிற்றுக்குள் புகுந்து போகிற தண்ணீர்
அப்காஸியாவில்தான் விழுகிறது, சுழற்றுகிறது.
மின்சாரம் கம்பியேறி
இரு பக்கமும் வருகிறது.

நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்றான்.
புகைப்படத்தில், என்றேன்.
பொய் சொல்லியிருக்கலாம்,
சட்டை நனைந்திருக்கும்போது வரவில்லை.

"என் அத்தை அந்தப் பக்கம்தான்" என்றான் அவன்.
"பாலத்தில் காவலர்கள் விடமாட்டார்கள்.
இரண்டு வருடமாக வரவில்லை."
பிறகு, மற்றவர்களைக் கேட்பதுபோல்:
"தண்ணீரிடம் தாள் கேட்க மாட்டார்களா?"
நாஸி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
டெமூர் சக்கரத்தை வாங்கி
இதழ் ஒன்று வளைந்திருப்பதாகச் சொல்லி
நிமிர்த்தத் தொடங்கினார்.

நான் பாடத்துக்குத் திரும்பினேன். வேறென்ன செய்ய.
குளிர்காலத்தில் ஆறு மெலியும்,
மட்டம் இறங்கும், உயரம் குறையும்,
அப்போது உங்கள் வீட்டில் ஹீட்டரை
இரவெல்லாம் ஓட விடாதீர்கள்.
"அத்தை வீட்டில் அப்போது
ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இருக்காது" என்றான்.
"போனில் சொல்வாள். சார்ஜ் இருந்தால்."

பேருந்து கிளம்பும்முன்
எல்லோரும் கச்சாபுரி தின்றார்கள்.
ஜாபா மட்டும் மறுபடி கம்பிக்குப் போய்
நீர்த்தேக்கத்தின் பக்கம் திரும்பி நின்று,
யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து,
தக்கையைப் பிடுங்கி எறிந்தான்.
என் தக்கை. எட்டு இதழும் அதில்தான்.
அது மூழ்கவில்லை.
சுரங்க வாயில் சல்லடை இருக்கிறது,
ஒரு சுள்ளிகூட உள்ளே போகாது.

அதை மட்டும்
நான் அவனுக்குச் சொல்லித்தரவில்லை.
அடுத்த குழு வியாழக்கிழமை.
புதுத் தக்கை வேண்டும்.