பதினோராவது கட்டை

எனக்குக் கடைசி வேலை. எல்லாரும் ஓடி முடித்தபின்
தொங்கும் வெண்கலக் கோங்கில் ஒரே அடி.
அதுவரை பார்த்துக்கொண்டிருக்கலாம்.

சிசடானே ஆற்றங்கரையில் கல்யாணப் பந்தல்.
மணப்பெண்ணின் தலையில் பொன்தகடுகள் நடுங்குகின்றன.
சமையல்காரர் இரண்டு அடுப்பு மூட்டியிருக்கிறார்:
பன்றிக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று.

தெங் ஹின்னின் கம்பாங்கில் பதினெட்டு மரக்கட்டைகள்.
பதினோராவது போன மழையில் பிளந்தது.
தொடாமல் தாண்டித் தாண்டியே
ஓராண்டு வாசித்தார்.
மெட்டில், பல் விழுந்த இடம்போல் ஒரு சந்து.
அந்தச் சந்தில்தான் ரொயானி
குதிகாலைத் திருப்புவாள்;
சால்வை விருந்தாளியின் தோளில் விழும்.

இன்று மஃரிப் பாங்குக்காக நாங்கள் நிறுத்தியிருந்தபோது
புதுக்கட்டை வந்து பொருந்தியது.
சுலவேசி மரமாம்.
மணமகனின் மாமா கொடுத்த காசு.

தெங் ஹின் அடித்தார். கணீரென்றது.
ரொயானியின் கால் காற்றிலேயே நின்றது,
தன் நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல.
கொட்டாங்கச்சி வயிறும் இரண்டே நரம்புமாய்
சைமானின் தெஹ்யான்
சிரிப்பை அடக்கி ஒரு இழுப்பு இழுத்தது.
சால்வை போய் விழுந்தது
மாமாவின் குழம்பில்.

அடுத்த சுற்று.
தெங் ஹின்னின் கை அந்தக் கட்டைமேல் வந்தது,
ஈ விரட்டுவதுபோல் அசைந்தது,
தொடவில்லை.

அவள் திரும்பினாள்.

என் அடியை நான் மறந்துவிட்டேன்.
யாரும் கேட்கவில்லை.
முழங்கையைத் துடைத்தபடி மாமா மட்டும்
புதுக்கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.