எட்டாம் நம்பர் ஷாப்பு, வேலந்தாவளம்

சனிக்கிழமை லேத் பட்டறையைக் கூட்டிச் சாத்தியதும்
கடைசி ஸ்டாப்வரை பஸ்ஸில் போய்
மீதியை நடப்பேன்.
செக்போஸ்ட் கம்பிக்குக் குனிந்து நிமிர்ந்தால்
என் தமிழ் கொஞ்சம் இழுபட ஆரம்பிக்கும்.

ஓலைத் தட்டி. ஆறு பெஞ்சு.
கால் ஆடுவது என்னுடையது.
அடியில் யாரோ மடித்துச் செருகிய
பரிசு விழாத லாட்டரிச் சீட்டு
என்னையாவது தாங்குகிறது.

பொன்னம்மிணி எதுவும் கேட்பதில்லை.
ஒரு குப்பி அந்திக்கள்ளு,
நுரை இன்னும் பேசிக்கொண்டிருக்கும்.
கப்பை, மேலே நசுக்கிய காந்தாரி மிளகாய்.
குடம்புளி கறுத்த மத்திக் குழம்பு.
"நேத்து வெச்சது, அதாக்கும் ருசி."

எதிரே கோழிப்பண்ணை ஹம்சா.
ஒரு சொட்டுக் குடிக்கமாட்டார்,
வாத்து ரோஸ்ட்டுக்காக வருகிறவர்.
எலும்பைச் சூப்பியபடியே
எங்கள் சண்டைக்கெல்லாம் தீர்ப்புச் சொல்வார்.
தெளிந்த தலை ஒன்று வேண்டுமே கடைக்கு.

கிளம்பும்போது வீட்டுக்கென்று
டிபன் பாக்ஸில் குழம்பு ஊற்றித் தருவாள்.
அது கணக்கில் வராது.

எட்டரை மணி. நம் பக்கத்துக் கம்பி.
ஏட்டு செல்லத்துரை டார்ச் அடித்துப்
பையைத் துழாவுகிறார்.
எண்ணெய்ச் சட்டை, துண்டு, டிபன்.
பாட்டில் இல்லை.
வயிற்றைச் சோதிக்கச் சட்டம் இல்லை.

மூடியைத் திறந்து முகர்ந்தவர்
டார்ச்சை அணைத்துவிட்டு
மெதுவாகக் கேட்கிறார்:
"மத்தியா?
இன்னைக்கும் அயிலை வரலையா?"