பத்தொன்பது துளி

மில்டூராவில் பிப்ரவரி வெயில்
குளோரினைத் தின்னும் வேகம் எனக்குத் தெரியும்.
நீச்சல் குளத்துத் தண்ணீரை மொண்டு
பொடி போட்டால் இளஞ்சிவப்பாகும்,
அந்தச் சிவப்பு போகும்வரை துளித்துளியாக விட்டு எண்ண வேண்டும்.
காலையில் பதினைந்து துளி,
மாலையில் ஒன்பது.
நாற்பது விழுக்காடு.
துளிப்புட்டி தீர்ந்துபோன வாரத்திலும்
பெருக்கிப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

இரவுக்கு அவ்வளவு பசியில்லை.
ஆளில்லாத இரவு நூற்றுக்கு ஐந்துதான் எடுக்கும்.
அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை
கணக்கு உதைத்தது.

எட்டு மணிக்குப் பூட்டும்போது பத்துத் துளி.
விடிந்ததும் ஏழு.
குழாயைக் கழுவி மறுபடி எண்ணினேன்,
ஏழுதான்.
நிலா குளோரின் குடிப்பதில்லை.

வடிகூடையில் ஒரு திராட்சை இலை,
விரலைச் சுற்றிய வளையம் கலையாமல்
ஒரு பிளாஸ்டர்.

பதினோராம் அறையில் நான்கு பேர்,
டோங்காவிலிருந்து அறுவடைக்கு வந்தவர்கள்.
விடியுமுன் வேன் வரும்.
திரும்பும்போது காதுமடல்வரை புழுதி.
சியோனே மட்டும் சன்னலில் நின்று பனிக்கட்டி கேட்பான்.
புதன்கிழமை அவன் சுட்டுவிரலில்
புதுப் பிளாஸ்டர் இருந்தது.
வாளி நிறைய அள்ளிக் கொடுத்தேன்.

எட்டுக்கு மேல் இறங்கக் கூடாதென்று பலகை இருக்கிறது.
எழுதியது நான்தான்.

குறிப்பேட்டில் 'காரணம்' என்றொரு கட்டம்.
முப்பது விழுக்காடு: காற்று.
இருபது விழுக்காடு: காற்று, இலைகள்.
சம்பள வெள்ளி, பத்து ஐந்தாகிவிட்டது,
பலத்த காற்று என்று எழுதினேன்.
ரொக்கோ போனில் சிரித்தார்:
"என் மோட்டலில் மட்டும்தான் புயலா?
குளோரின் சும்மா வருகிறதா?"

போனது முப்பது,
முப்பதே போடேன் என்பார் அவர்.
ஏழின்மேல் முப்பது விழுக்காடு போட்டால்
ஒன்பது துளி சொச்சத்தில் நின்றுவிடும்.
பத்துக்கு நாற்பத்து மூன்று வேண்டும்.
இரண்டு முறை விளக்கினேன், அவருக்குப் பிடிபடவில்லை.

பிறகு மாலையிலேயே கூட்டி ஊற்றப் பழகினேன்.
நான்கு உடம்பு, ஒரு நாள் புழுதி,
விடியும்போது ஐந்துக்குக் கீழே போகக் கூடாது.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
மர்ரே ஆறு இரண்டு தெரு தள்ளித்தான் ஓடுகிறது.
நான் அளந்துதான் ஊற்றினேன், இருபது துளிக்கு.
பூட்டை மாட்டினேன்,
அழுத்தவில்லை.

மார்ச் கடைசியில் ஒரு காலை
எண்ணிக்கொண்டே போகிறேன், சிவப்பு போகவில்லை.
பத்து. பன்னிரண்டு. பதினாறு.
பத்தொன்பதில் தெளிந்தது.
கழித்து, வகுத்து, நூறால் பெருக்கினேன்.
ஐந்து.

பதினோராம் அறைக் கதவு திறந்து கிடந்தது.
ஷெரில் படுக்கை விரிப்புகளை உருவிக்கொண்டிருந்தாள்.
வடிகூடையில் தண்ணீர் மட்டும்.
ரொக்கோ கேட்டார், குளம் எப்படி?
நல்ல சுத்தம் என்றேன்.
காரணக் கட்டத்தில்
பேனா முனை அழுந்திய ஒரு புள்ளி இருக்கிறது.
அதற்குமேல் எழுதவில்லை.