காகித நாடா

மாதத்தின் முதல் வியாழன் அவள் காரில் வருகிறாள்.
எங்கள் குதிரைக்கு அந்தச் சத்தம் பழகிவிட்டது,
எனக்கு இன்னும் இல்லை.

வெந்நீரில் கையைச் சூடாக்கிக்கொண்டுதான் தொடுவாள்.
அதற்காகவே அந்த நர்ஸைப் பிடிக்கும்.
பையிலிருந்து காகித நாடா.
சலோமாவின் நெற்றியைச் சுற்றி,
காதுக்கு மேலே, பிடரியைத் தொட்டு:
பதினொன்றரை அங்குலம்.
போன மாதமும் பதினொன்றரை.
வரைபடத்தில் வளைந்தேறும் ஐந்து கோடுகள்.
ஒஹாயோவின் பிள்ளைகள் எல்லோரும்
அவற்றின் நடுவே எங்கோ ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.
என் மகளின் புள்ளியை மட்டும்
கோடுகளுக்கெல்லாம் கீழே, அச்சகத்தின் பெயருக்குப் பக்கத்தில்
வைக்கிறாள்.
"தாளை இன்னும் கொஞ்சம் நீளமாக அடித்திருக்கலாம்" என்றேன்.
சிரிக்கலாமா என்று தெரியாமல்
பேனாவை மூடினாள்.

இரத்தம் போய் முடிவு வந்த அன்று
ஆட்லீ வம்சப் புத்தகத்தை மேசையில் விரித்தான்.
அவன் விரல் அவன் அப்பாவிலிருந்து ஏறியது,
என் விரல் என் அம்மாவிலிருந்து.
ஏழு தலைமுறை.
ஓரங்களில் பொடி எழுத்தில் சிலர்:
ஆறு நாள். பதினோரு மாதம். பெயரிடுமுன்.
ஏன் என்று யாரும் எழுதவில்லை.
கத்தரீனா என்ற இடத்தில்
எங்கள் நகங்கள் முட்டிக்கொண்டன.
கப்பலில் வந்தவள்.
கொண்டுவந்தவை கணக்காய் இருக்கின்றன:
இரும்புச் சட்டி, ராட்டை, ஒரு முடிச்சு பீட்ரூட் விதை.
பட்டியலில் விடுபட்டது
எங்கள் இருவரிடமும் ஆளுக்குப் பாதியாக வந்து சேர்ந்திருக்கிறது.
பால் கறக்க இன்னும் நேரமிருந்தது.
இருந்தும் தொழுவத்துக்குப் போனான்.

கத்தரீனாமேல் கோபமாயிருந்தேன், இரண்டு நாள்.
அந்தப் பதினோரு மாதம் அவளுடையதென்று
பிறகுதான் கவனித்தேன்.

ஆராதனை முடிந்து பெண்கள் சொல்கிறார்கள்:
சிறப்புப் பிள்ளை, கர்த்தர் ஆள் பார்த்துத்தான் தருவார்.
இரவு இரண்டு மணி வலிப்பில்
அந்தச் சொல்லை வைத்துப் பார்த்ததில்லை அவர்கள்.
ஆனால் திங்கட்கிழமை வந்து
என் துணிகளை எல்லாம் துவைத்துப்போட்டுப் போகிறார்கள்.
அதையும் சொல்ல வேண்டும்.

வெர்பாவின் மகள் தன் பொம்மையின் சட்டையைக்
கழற்றிக் கொண்டுவந்தாள். நீலம்.
கைதான் சற்றுப் பெரிது.
எங்கள் பொம்மைகளுக்குக் கண்ணோ வாயோ தைப்பதில்லை.
அந்தக் கழுத்துக்கு மேல்
முதல் தடவையாக ஒரு முகம்
தும்மியது.
"இவள் எப்போது பெரியவளாவாள்?"
"ஆகியிருக்கிறாள்" என்றேன். "பதினான்கு மாதம்."

புகைப்படம் எடுப்பதில்லை நாங்கள்.
நேற்று நர்ஸிடம் அந்த நாடாவைக் கேட்டேன்.
எப்படியும் குப்பைக்குப் போவதுதானே.
பதினொன்றரையில் வெட்டி
கத்தரீனாவின் பக்கத்தில் வைத்தேன்.
படுக்க மறுக்கிறது.
கையை எடுத்ததும் சுருண்டு
தன் வட்டத்துக்கே திரும்பிவிடுகிறது.
புத்தகம் இப்போது சரியாக மூடுவதில்லை.
ஆட்லீ பார்த்தான்.
அழுத்தி மூடவில்லை.